படத்தைத் திருத்தலாம், ஆளைத் திருத்தலாமா?

நம் சங்கத்தின் மணிவிழா மலருக்காகப் பழைய புகைப்படங்களைத் திரட்டி, ஸ்கேன் செய்து, அச்சுக்குத் தயார் செய்யும் பொறுப்பு ஆறு மாதங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. "ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் பாலமும் குவார்ட்டர்ஸும் கட்டிய ஆளுக்குப் போட்டோவில் என்ன வேலை?" என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஓய்வு பெற்றவன், வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, கூப்பிட்டால் வருவான் என்ற மூன்று தகுதிகளின் பேரில் கிடைத்த பதவி இது. ஆனால் ஒரு பழைய படத்தில் எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதில் மலர்க் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. என் கட்சியை எடுத்துச் சொல்ல ஆசிரியர் இந்தப் பக்கங்களைக் கொடுத்திருக்கிறார். எதிர்க்கட்சியாரும் அடுத்த இதழில் தாராளமாக எழுதலாம்.

முன்பெல்லாம் இந்தக் கவலையே நமக்கு இருந்ததில்லை. ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தோம், "கொஞ்சம் தலையைச் சாய்ங்க" என்றார், சாய்த்தோம். நான்கு நாள் கழித்துப் போனால் படம் வரும். இடையில் அவர் நெகடிவின் மேல் கூரான பென்சிலை வைத்து அம்மைத் தழும்பை மறைத்திருப்பார், கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தைக் குறைத்திருப்பார். 'டச்சிங்' என்று அதற்குப் பெயர். பில்லில்கூடத் தனியாகப் போட்டிருப்பார்கள். காலமானவர்களின் படங்களில் மூடிய கண்ணைத் திறந்து வரைவதும், கூட்டத்தில் நின்ற ஒருவரை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கி மாலை போடத் தோதாகச் செய்வதும் எல்லா ஊரிலும் நடந்தவை. ஆயுள் முழுவதும் கோட்டே போடாத என் தாத்தா, எங்கள் வீட்டுக் கூடத்தில் கறுப்புக் கோட்டுடன்தான் தொங்குகிறார். கழுத்துக்குக் கீழே முழுவதும் ஓவியம்.

ஆகவே படத்தைத் திருத்துவது கம்ப்யூட்டர் கொண்டுவந்த பாவம் என்று யாரும் நினைக்க வேண்டாம். போட்டோஷாப் வெளிவந்தது 1990-ல். அதற்கு முன்னும் கை சும்மா இருக்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால், அன்று அதைச் செய்யத் தேர்ந்த கை ஒன்றும் இரண்டு நாள் அவகாசமும் வேண்டியிருந்தன. படத்தைச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சத்தில் பூச்சு தெரியும். தாத்தாவின் கோட்டை மூன்று வயதுப் பேத்தி கண்டுபிடித்துவிடுவாள். இன்று கைபேசியில் விரலால் ஒரு தேய்ப்பு, ஆள் காணாமல் போகிறார், அவருக்குப் பின்னால் இருந்த சுவர் தானாகவே முளைக்கிறது. ஸ்டூடியோக்காரர் நமக்காக எடுத்துக்கொண்டிருந்த முடிவை இப்போது வீட்டுக்கு வீடு நாமே எடுக்க வேண்டியிருக்கிறது.

குழுவில் மூத்த அன்பர் ஒருவர் இருக்கிறார். அவர் கொள்கை எளிது: "ஸ்கேன் பண்ணினதை அப்படியே போடுங்க. கை வெச்சா அது பொய்." கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் கை வைக்காத படம் என்று உலகத்தில் எதுவுமே இல்லை என்பதுதான் உண்மை. டிஜிட்டல் கேமராவின் உள்ளே இருக்கும் சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் ஒரு நிறக் கண்ணாடிதான் உண்டு, சிவப்போ பச்சையோ நீலமோ. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் என்பவர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இதுதான். அப்படியானால் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிறங்களில் ஒன்று மட்டுமே அளந்தது, மற்ற இரண்டும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பியவை. கைபேசியோ இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு தடவை அழுத்தினால் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கோத்துக் கொடுக்கிறது. 2023-ல் ஒரு கைபேசியைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. கம்ப்யூட்டர் திரையில் மங்கலாகக் காட்டிய நிலாவை அதில் படம் எடுத்தால், திரையில் இல்லாத பள்ளங்களெல்லாம் படத்தில் வந்து உட்கார்ந்தன! நிலாவுக்கே டச்சிங்.

நம் கையில் வந்த பழைய பிரிண்ட்களும் அசல் நிலையில் இல்லை. 1970-களில் அச்சிட்ட கலர் படங்களை எடுத்துப் பாருங்கள், எல்லாரும் வெயிலில் காய்ந்த மிளகாய் போல் சிவந்திருப்பார்கள். அந்தக் காலத்துக் காகிதத்தில் இருந்த மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப் போனதால் வந்த வினை இது. அதை "அப்படியே" போட்டால் அன்றைய விழாவைப் போட்டதாகாது. ஐம்பது வருடம் பெட்டிக்குள் நடந்த ரசாயன மாற்றத்தைப் போட்டதாகத்தான் ஆகும். எனவே நிறத்தைச் சரிசெய்வது பொய் அல்ல, கடமை என்பேன். கோணலாக இருப்பதை நிமிர்த்துவது, தூசியைத் துடைப்பது, வெறும் சுவரின் மேல் ஓடும் மடிப்புக் கோட்டை நீக்குவது, இருட்டாக இருப்பதை வெளிச்சப்படுத்துவது ஆகியவற்றுக்கும் என் ஓட்டு உண்டு.

அப்படியானால் எங்கே நிறுத்துவது? இதற்கு நான் புதிதாக ஒரு தத்துவத்தைத் தேடிப் போகவில்லை. சர்வீஸில் சேர்ந்த முதல் மாதமே கற்றுக் கொடுத்த பாடம் போதுமானதாக இருக்கிறது.

ரயில்வே ஒர்க்ஸ் பிரிவில் இருந்தவர்களுக்கு எம்.பி. என்றால் நாடாளுமன்ற உறுப்பினர் அல்ல, மெஷர்மென்ட் புக். காண்ட்ராக்டர் தோண்டிய மண்ணும் கட்டிய செங்கலும் நீளம், அகலம், உயரமாக அதில் ஏறினால்தான் பில். அந்தப் புத்தகத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பக்கத்துக்கு எண் அச்சிட்டிருக்கும், ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது. எழுதியதை ரப்பரால் அழிக்கக் கூடாது, பிளேடால் சுரண்டக் கூடாது, எண்ணின் மேலேயே எண் எழுதக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு, பழைய எண் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். திருத்தம் குற்றமே அல்ல. திருத்தியதை மறைப்பதுதான் குற்றம். அழித்து எழுதிய எண் சரியாகவே இருந்தாலும் அக்கவுண்ட்ஸ்காரர் விடமாட்டார்.

இந்தச் சட்டத்தை அப்படியே போட்டோவுக்கு மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முதல் ஸ்கேனை எவரும் தொடக் கூடாது. அஞ்சலட்டை அளவுள்ள, அதாவது நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 86 லட்சம் புள்ளிகள் வரும். டிஃப் என்ற வகையில் சேமித்தால் சுமார் 26 எம்.பி. (இது வேறு எம்.பி.!) இடம் பிடிக்கும். பிடிக்கட்டும். அதுதான் மூலம். அதைத் தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். நம்மில் பலர் ஜேபெக் வகைப் படத்தையே திறந்து, கொஞ்சம் திருத்தி, அதன் மேலேயே சேமிக்கிறார்கள். மறுநாள் மறுபடி திருத்திச் சேமிக்கிறார்கள். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும் முறை, சேமிக்கும் தடவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் கழியும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் இன்னும் மோசம், அளவும் சுருங்கி, எடுத்த தேதி முதலான குறிப்புகளும் உதிர்ந்து வரும். லைட்ரூம், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் எம்.பி. சட்டம் தெரிந்தவர்கள் எழுதியது போலவே இருக்கின்றன. மூலப் படத்தைத் தொடுவதே இல்லை, நாம் செய்த மாற்றங்களை மட்டும் வரிசையாகக் குறித்து வைத்துக்கொள்ளும். எந்த வரியையும் எந்த நாளும் திரும்பப் பெறலாம்.

நிறத்தைச் சரிசெய்வதிலும் கண்ணை நம்பக் கூடாது. லெவல் எடுக்கப் போகும்போது நமக்குப் பிடித்த இடத்திலிருந்தா தொடங்குகிறோம்? உயரம் தெரிந்த ஒரு பெஞ்ச் மார்க்கிலிருந்து தொடங்குகிறோம். படத்திலும் நிறம் தெரிந்த பொருள் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் சங்கப் படங்களில் அதற்குப் பஞ்சமே இல்லை, எங்கு பார்த்தாலும் வேட்டி. வேட்டியை வெள்ளையாக்கினால் மற்றதெல்லாம் தானே இடத்துக்கு வரும் என்று வேலையைத் தொடங்கினேன். என் மனைவிதான் தடுத்தாள்: "அந்தக் காலத்து வேட்டி ஏது வெள்ளை? எல்லாம் நீலம் போட்டு அலசினது." உண்மை! ஆகவே வேட்டியோடு வாழை இலையையும், பந்தி நடந்த கூடத்தின் சுண்ணாம்புச் சுவரையும் சேர்த்து மூன்று பெஞ்ச் மார்க் வைத்துக்கொண்டேன். மூன்றும் ஒத்துப் போனால் நிறம் சரி.

இதுவரை சொன்னதில் குழுவில் பெரிய சண்டை இல்லை. சண்டை முகத்தில்தான் தொடங்கியது.

அஜ்னியில் குடியிருக்கும் ஒரு அம்மாள், எண்பதை நெருங்குகிறவர், காலமான தம் கணவரின் படம் ஒன்றை மலருக்காகக் கொடுத்தார். ரயில்வே அடையாள அட்டையில் ஒட்டியிருந்த படம், நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, மேலே முத்திரை வேறு விழுந்திருந்தது. அவருடைய பேரன் கெட்டிக்காரப் பையன். அதை ஏதோ ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு, அரை நிமிடத்தில் காலண்டர் அளவுக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்தான். மயிர்க்கால் வரை தெரிந்தது. பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நல்லாத்தான் இருக்கு. யாரு தம்பி இவரு?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். இடது புருவத்தில் அவருக்கு ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததாம். புதுப் படத்தில் இரண்டு புருவமும் வரைந்தது போல் ஒழுங்காக இருந்தன. கொஞ்சம் முன்னே நின்ற பல் வரிசைக்குள் போயிருந்தது. படம் கெட்டுப் போகவில்லை, ஆள் மாறிப் போயிருந்தார்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொள்வது கடினம் அல்ல. நகத்தளவுப் படத்தில் தழும்பு இரண்டு மூன்று புள்ளிகள்தான். பெரிதாக்கும்போது இல்லாத புள்ளிகளை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். செயலி அவற்றை அந்தப் பெரியவரின் முகத்திலிருந்து எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. தான் முன்பு பார்த்துப் பழகிய எண்ணற்ற முகங்களிலிருந்து, பொதுவாக ஒரு புருவம் எப்படி இருக்குமோ அப்படி ஊகித்து வைக்கிறது. 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய பல்ஸ் என்ற நிரலில், ஒபாமாவின் முகத்தைப் புள்ளி புள்ளியாக மங்கவைத்துக் கொடுத்தார்கள். அது தெளிவாக்கித் திருப்பிக் கொடுத்தது ஒரு வெள்ளைக்காரரை. உலகம் அறிந்த முகத்துக்கே இந்தக் கதி என்றால், அஜ்னி காலனிப் பெரியவர் எந்த மூலைக்கு? இருபது மீட்டருக்கு ஒரு லெவல் எடுத்துவிட்டு இடையில் கோடு இழுப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஆனால் அந்த இருபது மீட்டருக்குள் ஒரு கிணறு இருந்தால் கோடு அதைக் காட்டாது. மனிதனின் முகத்தில் இருக்கும் கிணறுகள்தானே அவனை அவனாகக் காட்டுகின்றன?

அந்த அம்மாள் சொன்னபடி, பழைய படத்தையே இரண்டு மடங்குக்கு மேல் போகாமல், முத்திரையோடு அச்சிடப் போகிறோம். சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் அவர்தான்.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் பூசுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960-ல் வந்த 'முகல்-இ-ஆசம்' படத்துக்கு 2004-ல் முழுவதும் வண்ணம் ஏற்றி வெளியிட்டார்கள். வண்ணம் ஏற்றியது என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள், பழையதும் பத்திரமாக இருக்கிறது. அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. வீட்டுப் படத்துக்கு அப்படி அல்ல. கறுப்பு வெள்ளைப் பிலிம் வெளிச்சத்தின் அளவைத்தான் பதிந்தது, நிறத்தை அல்ல. ஆர்த்தோகுரோமாடிக் என்ற பழைய வகைப் பிலிமுக்குச் சிவப்பே தெரியாது. குங்குமம் அதில் மைப் பொட்டு மாதிரி விழும், அரக்குப் புடவை கறுப்பாகிவிடும். செயலி அதைப் பார்த்துக் கருநீலம் என்று தீர்ப்பு எழுதும். இன்னும் இரண்டு தலைமுறை போனால் "எங்க கொள்ளுப்பாட்டி கருநீலப் பட்டு கட்டித்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க" என்பது குடும்ப வரலாறாகிவிடும். மலரில் கலர் பூசிய படம் வேண்டாம் என்பது என் கருத்து. இதில் மட்டும் குழுவில் பெரும்பான்மை என் பக்கம்.

அடுத்து வந்ததுதான் பெரிய வழக்கு. 1974 பொங்கல் விழாக் குழுப்படம். பத்து அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். நாற்காலியில் அன்றைய நிர்வாகிகள், பின்னால் மூன்று வரிசை, முன்னால் தரையில் குழந்தைகள். இடது ஓரத்தில், வரிசையில் சேர்ந்தும் சேராமலும், வேட்டியை மடித்துக் கட்டிய இரண்டு சமையல்காரர்கள், ஒருவர் கையில் இன்னும் கரண்டி. வலது ஓரத்தில் காக்கி அரை டிராயருடன் ஒரு கேங்மேன். ஷாமியானாவுக்குக் கம்பம் நட வந்தவராக இருக்க வேண்டும். அவருக்குப் பக்கத்தில் வாளியுடன் பதினான்கு வயது மதிக்கத்தக்க ஒரு பையன். படத்தின் பின்புறம் அழகான கையெழுத்தில் இடமிருந்து வலமாக எல்லாருடைய பெயரும் பதவியும் எழுதியிருக்கிறது. கடைசியில் "மற்றும் வேலையாட்கள்" என்று முடிகிறது.

பக்க வடிவமைப்பு செய்யும் தம்பி மிக நல்லவர், ஒரு காசு வாங்காமல் இரவு கண் விழித்து வேலை செய்கிறவர். மலரின் பக்கம் நிமிர்ந்தது, படம் படுத்தது. முழுவதும் போட்டால் முகங்கள் மிளகளவு ஆகின்றன. எனவே இரண்டு ஓரத்தையும் வெட்டி நடுவைப் பெரிதாக்கினார். "அங்கிள், பேஜுக்குக் கரெக்டா செட் ஆயிடுச்சு, முக்கியமான ஆளு யாரும் போகலை" என்றார். போனவர்கள் நான்கு பேர்.

வெட்டுவதை நாம் திருத்தம் என்றே நினைப்பதில்லை. முகத்தை மாற்றினால் கூச்சல் போடுகிறோம், ஓரத்தை நறுக்கினால் 'அழகுபடுத்தல்' என்கிறோம். பக்கத்துக்குப் படம் அடங்கவில்லை என்ற காரணம் பெரிய இடத்திலும் வம்பில் முடிந்திருக்கிறது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகை, படுத்திருந்த ஒரு படத்தை நிமிர்ந்த அட்டைக்குப் பொருத்துவதற்காக எகிப்தின் கீசா பிரமிடுகளையே கம்ப்யூட்டரில் நெருக்கி வைத்தது. நாலாயிரம் வருஷத்துக்கு மேலாக நகராத பிரமிடு, அட்டைக்காக நகர்ந்தது! இன்றுவரை அந்தப் பத்திரிகைக்கு அது ஒரு கறை. பிரமிடுக்காவது பரிந்து பேச உலகமே இருந்தது. ரஷ்யாவில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் மாஸ்கோ கால்வாய்க் கரையில் நின்ற எஷோவ் என்ற போலீஸ் தலைவர், 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு படத்திலிருந்தும் மறைந்து போனார், அவர் நின்ற இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கே பகை காரணம். நம் படத்தில் பகை எதுவும் இல்லை, இடப் பற்றாக்குறைதான். அழிந்தவனுக்கு இரண்டும் ஒன்றே.

"அவங்க உறுப்பினர் இல்லையே, யார் தேடப் போறாங்க?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். தேட யாரும் இல்லை என்பதால்தான் நான் பேசுகிறேன். தலைவரை வெட்டினால் அவர் மகன் மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நிற்பார். கரண்டி பிடித்தவருக்கு அப்படி யார் வருவார்கள்? நாற்காலியில் இருந்தவர்களின் பெயர் சங்கத்துப் பதிவேட்டில் இருக்கிறது, கல்வெட்டில் இருக்கிறது, ஆண்டறிக்கையில் இருக்கிறது. அந்த நான்கு பேர் அன்று இங்கே இருந்தார்கள் என்பதற்கு இந்தப் படத்தின் இரண்டு ஓரங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

என் யோசனை, படத்தை எதிரெதிர் இரண்டு பக்கங்களில் விரித்துப் போடுவது. நடு மடிப்பில் அன்றைய தலைவரின் மூக்கு சிக்கும் என்று ஆட்சேபம் வந்தது. அளந்து பார்த்துவிட்டேன். படத்தைக் கால் அங்குலம் இடப்பக்கம் தள்ளினால் மடிப்பு, தலைவருக்கும் செயலாளருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விழும். இதற்காக ஒரு விளம்பரப் பக்கம் போகும் என்று பொருளாளர் முகம் வாடியிருக்கிறார். வரும் கூட்டத்தில் முடிவாகும். உறுப்பினர்கள் வந்து வாக்களிக்க வேண்டுகிறேன்.

வேண்டுமென்றே ஆளை நீக்கச் சொல்லும் கோரிக்கைகளும் வராமல் இல்லை. ஒரு குடும்பத்தில் மணமுறிவு ஏற்பட்டுவிட்டது. பழைய கோகுலாஷ்டமிப் படத்தில் முன்னாள் மாப்பிள்ளை நடுநாயகமாக நிற்கிறார், அவரை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்கள். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. அவர்கள் வீட்டு ஆல்பத்தில் அவர்கள் கத்தரிக்கோல் வைத்தால் கேட்க நான் யார்? ஆனால் சங்கத்து மலரில் அந்த இடத்தைச் செயலியைக் கொண்டு சுவராக்கி அச்சிட முடியாது. அந்தப் படத்தையே போடாமல் வேறு படம் போடுகிறோம் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். போடாமல் விடுவதில் பொய் இல்லை.

நிறம் மாற்றும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்டினால் கோபம் வரும். இப்போது வரும் கைபேசிப் படங்கள் பலவற்றில் நம் பிள்ளைகள் எல்லாரும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வருகிறார்கள். சிலது தானாகச் செய்வது, சிலது கேட்டுச் செய்வது. நாக்பூர் வெயிலில் நாற்பது வருஷம் நின்ற கறுப்பு என்னுடையது. அதை எடுத்துவிட்டு என்னை மலரில் போட வேண்டாம்.

சரி, இவ்வளவு கண்டிப்பும் இருந்தால் படம் உண்மையாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. சர்வீஸில் இருந்தபோது ஒரு காண்ட்ராக்டர், ஒரு ஸ்டேஷனில் ஜல்லி கொட்டியதற்கு ஆதாரமாகப் படம் கொடுத்தார். அடுத்த ஸ்டேஷனுக்கும் ஒரு படம் கொடுத்தார். இரண்டிலும் குவியலின் மேல் அதே செவலை நாய் அதே பக்கம் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. படத்தில் ஒரு புள்ளிகூடத் திருத்தப்படவில்லை. கீழே எழுதியிருந்த ஊர்ப் பெயர்தான் பொய். ஆகவே படத்துக்குக் கீழே எழுதும் வரியும் படத்தின் பகுதிதான் என்று நான் வாதாடுகிறேன். எந்த ஆண்டு, எந்த இடம், யார் யார் என்பதோடு, "மடிப்புக் கோடு நீக்கியது", "நிறம் சீர்செய்தது" என்று நாலு சொல் சிறிய எழுத்தில் இருக்கட்டும். எம்.பி.யில் போடும் சுருக்கொப்பம் மாதிரி. பக்கம் அசிங்கமாகும் என்கிறார் வடிவமைப்புத் தம்பி. சிறிய எழுத்து, யாரையும் கடிக்காது.

படம் கொடுக்க விரும்பும் அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், பிரிண்டையே கொண்டுவாருங்கள். ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க நூலகத்தில் ஸ்கேனருடன் இருப்பேன், உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தருவேன். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடு வாருங்கள். பழைய படத்தை லாமினேட் செய்யவே கூடாது. பின்புறம் பெயர் எழுதுவதாக இருந்தால் மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள், பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை வரி விழச் செய்யும்.

கடைசியாக ஒன்று. 1974 பொங்கல் படத்தின் பெரிய பிரிண்ட் ஒன்றை நூலகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், நான்கு ஓரமும் வெட்டாமல். நான் இந்த ஊருக்கு வந்தது 1981-ல், அதனால் எனக்கு அவர்களைத் தெரியாது. மூத்த உறுப்பினர்கள் ஒரு தடவை வந்து பாருங்கள். கரண்டியுடன் நிற்பவர் பாலக்காட்டுக்காரர் என்று ஒருவர் சொன்னார், கும்பகோணம் என்று இன்னொருவர். கேங்மேன் உள்ளூர் ஆளாக இருக்கலாம். வாளிப் பையனுக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், இங்கேயே எங்காவது இருக்கலாம். பெயர் தெரிந்தவர்கள் படத்துக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், அழிக்க வேண்டாம்.